எதிரொலிக்கு வைத்தியம்

இந்தத் தசராவுக்கும் ஹாலில் கொலு பொம்மை கிடையாது. ஹால் என்னுடையது. மனைவி ஜீவிதாவிடம் நேருக்கு நேர் நின்று சொல்லிவிட்டேன். அப்போது அவள் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள், அது வேறு விஷயம்.

எங்கள் கொள்ளேகாலப் பக்கத்து வீடுகளில் இந்தப் பழக்கமே இல்லை. மைசூருக்கு வந்தபிறகு பக்கத்து வீட்டு கௌரம்மாவைப் பார்த்து இவளுக்கு ஆசை. போன வருஷம் அவள் ஆசை ஆசையாக வாங்கிய பொம்மைகளை, அடுக்கவிடாமல் நான்தான் பரணில் ஏற்றினேன்.

இந்த வருஷம் இரண்டு ஸ்பீக்கர் வாங்கினேன். இடுப்பு உயரம். மண்டி மொஹல்லா கடையிலிருந்து ஆட்டோவில் கட்டிப்பிடித்துக் கொண்டுவந்தேன். பாடுகிறவர் சோபாவிலேயே வந்து உட்காருவார் என்றார் கடைக்காரர். வீட்டில் பாட்டைப் போட்டேன். பாடுகிறவர் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார்.

ஸ்பீக்கரை முன்னே தள்ளினேன், பின்னே இழுத்தேன், உள்பக்கம் திருப்பினேன். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஜீவிதா வந்து ஹால் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினாள்.

"ஏனுங்க, தட்டுனது திரும்பி வருதுங்க."

"சுவரு மொட்டையா இருக்குதல்ல, அதான். மேடும் பள்ளமுமா எதாச்சும் வெச்சா சத்தம் சிதறிருமாம். யூட்யூப்ல சொல்றாங்க."

"மேடு பள்ளம்னா, படியாட்டமுங்களா?"

"கரெக்ட்!"

"வெறும் படி போதுமுங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. படிமேல சின்னதும் பெருசுமா சாமான் நெறைக்கோணும்."

"அத்தன சாமானுக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றாள் பாவமாக.

எனக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது.

"பொம்மைய எடு!"

"வேண்டாமுங்க. நீங்கதான் கூடாதுன்னீங்க."

"இப்ப நாந்தான் சொல்றேன்!"

கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். பரண் ஏறியது நான். ஒரு வருஷம் கிடந்த பெட்டிகளில் துளி தூசி இல்லை. எவ்வளவு சுத்தமான வீடு என்று பெருமைப்பட்டேன். படி கட்டியதும் நான், மேலே விரித்த வேட்டியும் என்னுடையது. எல்லாம் அடுக்கிப் பாட்டைப் போட்டேன். அடடா! பாடுகிறவர் தொட்டியைவிட்டு எழுந்து சோபாவுக்கே வந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பாட்டில் தவில் வந்தது. மூன்றாம் படியில் மண் செட்டியார் ஆட ஆரம்பித்தார்.

"ஐயோ, நிறுத்துங்க! செட்டியார் விழுந்துருவாருங்க!"

"அப்ப பொம்மைய எறக்கு."

குங்குமம் வாங்கிக்கொள்ள வந்திருந்த கௌரம்மா பதறிப்போனார். "அய்யோ அண்ணா, கூர்சித மேலெ தெகிபாரது!" வைத்த பொம்மையை விஜயதசமிவரை எடுக்கக்கூடாதாம். அதோடு, ஒரு வருஷம் வைத்தால் வருஷா வருஷம் வைத்தே ஆகவேண்டுமாம்.

"வருஷா வருஷமா?" என்றேன்.

"பெரியவங்க சொன்னா கேட்டுக்கோணுமுங்க" என்றாள் ஜீவிதா. பிறகு ஸ்பீக்கர்களை மேலும் கீழும் பார்த்தாள். "ராஜா ராணி பொம்மைக்கு ஒசரமா எடமில்லீங்களே."

இப்போது ராஜா ஒரு ஸ்பீக்கர்மேல், ராணி ஒரு ஸ்பீக்கர்மேல். நான் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு, காதில் இயர்போனோடு.

ஜீவிதா ஹால் நடுவில் நின்று மறுபடி ஒரு தடவை கைதட்டினாள்.

"ஏனுங்க, இப்ப ஒண்ணும் திரும்பி வரலீங்க!"