நான்கு மில்லிமீட்டர்

பாம்பூஃப்ளாட்,
10.2.2013

சௌபாக்கியவதி விஜயலட்சுமிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அத்தான் சுகம், மற்றதெல்லாம் சிவப்பாக இருக்கிறது. தென்காசியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் இருவருமே "ஆங், நல்லாருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

சித்திரைக்கு வரப்போவதாகச் சொன்னாய். வர வேண்டாம் என்று சொல்லவே எழுதுகிறேன். காரணம் உன் அத்தான்.

டிசம்பரில் ஓய்வு பெற்றாரா, பெற்ற மறுநாளே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டார். இந்தத் தீவு இன்டர்நெட்டில் ஏழு நிமிட வீடியோவை ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்து, கோயம்புத்தூரிலிருந்து சிஎன்சி ரௌட்டர் என்று ஒரு சின்ன மிஷினை வரவழைத்தார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி முன்னும் பின்னும் போய் மரத்தைச் சீவுமாம். நாலு பெட்டிகளாகக் கப்பலில் வந்தது. ஜெட்டியிலிருந்து தூக்கி வந்த யோகராஜுக்கு ரௌட்டர் ரொட்டியாகக் காதில் விழுந்து, "மேடம், சாப் ரொட்டிக் கடை கோல்றாரா?" என்று கேட்டான். ரொட்டிக் கடை திறந்தாலாவது பிழைக்க வழி உண்டு. "கோணப் பலகைய நேராக்கும் மங்கை. ஒரு மயிரிழை பிசகாது" என்றார் அத்தான். முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் புறப்படும் நேரத்தை மைக்கில் அறிவித்தவர். அவருடைய துல்லியத்தின் மேல் எனக்குப் பழைய சந்தேகம் உண்டு.

எந்தப் பலகை என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. வண்டூரில் இருந்த உன் வீட்டு வாசல்கதவின் பலகை. சுனாமியில் கடல் வந்து போன மூன்றாவது வாரம், சதுப்புக்காட்டு வேர்களுக்குள் செருகிக் கிடந்ததை யோகராஜ்தான் இழுத்து வந்தான். அதற்குள் நீ கப்பல் ஏறிவிட்டாய். "அந்த வீட்லருந்து ஒரு ஆணிகூட எனக்கு வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். பலகையை பீரோவுக்குப் பின்னால் எட்டு வருடம் வைத்திருந்தேன். நாலடி நீளம், இந்தத் தீவுகளில் விளைகிற சிவப்புப் படாக் மரம். உப்புத்தண்ணீர் குடித்து ஓடம் போல வளைந்திருந்தது.

முதல் நாள், நாலு மூலையிலும் கிளாம்பு போட்டு அதை இறுக்கி அமுக்கி மிஷினை ஓட்டினார். ஒரு மணி நேரம் அலறல். படாக் மரத்தூள் குங்குமம் போல் வீடெங்கும் பறந்து தயிர்ப் பானையில் விழுந்தது. காயப்போட்ட வேட்டிகள் ரோஜா நிறமாயின. பக்கத்து வீட்டு மண்டல் அம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "தீதி, ஹோலி தோ அகலே மஹீனே ஹை நா?" என்றாள். ஹோலி அடுத்த மாதம்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். மிஷினுக்கு எட்டிய பாதி என்னவோ கண்ணாடி மாதிரி இருந்தது. "பாத்தியா?" என்று கிளாம்பைக் கழற்றினார். டக்கென்று ஒரு சத்தம். பலகை பழைய வளைவுக்கே எழுந்துகொண்டது.

"அமுக்குனா அமுங்குது, விட்டா எந்திரிக்கி. உன் தங்கச்சி மாதிரில்லா இருக்கு!" என்றார்.

அமுக்கக் கூடாது, வளைந்தது வளைந்தபடி நிற்க, அடியில் இடைவெளி உள்ள இடங்களில் மட்டும் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று நான் படித்துச் சொன்னேன். முட்டுக்குக் காகிதம் கேட்டார். நீ அனுப்பிவைத்துப் பிறகு ரத்து செய்த டிக்கெட் நகல்கள் மூன்று என் மேஜையில் இருந்தன. எட்டாக மடித்தால் கனம் சரியாக வந்தது. நான் புள்ளியியல் படித்தவள்; மூன்று முறை ரத்தான பிறகு நான்காவது முறை நீ வருவாய் என்று எதிர்பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. முட்டு அசையாமல் நின்றது.

ஆனால் மிஷினின் மேடை இரண்டடி, பலகை நாலடி. பாதி பாதியாகத்தான் சீவ முடியும். முதல் பாதி நன்றாக வந்தது. அடுத்த பாதிக்காகப் பலகையை முனை மாற்றிப் போட்டபோது கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது, எந்த உயரத்தில் சீவினோம் என்பது மிஷினுக்கு மறந்துபோயிருந்தது. முடிந்த பாதியிலிருந்து அளந்து சொல்ல வேண்டியவர், அடுத்த பாதியின் மேட்டிலிருந்து அளந்து சொல்லிவிட்டார். இரண்டு பாதியும் தனித்தனியே நேர். நடுவில் ஒரு படி. நாலு மில்லிமீட்டர்.

"தூரத்துலருந்து பாத்தா தெரியாது."

"எவ்வளவு தூரம்?"

"சாத்தம்ல போயி நின்னு பாரேன்."

சாத்தம் துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கிறது. போகவில்லை. தாழ்ப்பாள் இருந்த துளையை மரத்தூளும் பசையும் வைத்து அடைக்கலாம் என்றார். அதை மட்டும் அடைக்க வேண்டாம் என்றேன்.

ஆகவே வர வேண்டாம். வீட்டில் நேராக உட்கார ஒரு பலகை கிடையாது. கப்பலில் உனக்கு வாந்தி, விமானத்தில் காதுவலி. கடலும் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது; நீ வந்தால் அதை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது? ஒவ்வொரு முறையும் நீ வருவதாகச் சொன்னதும் ஜன்னல்களுக்குத் திரை தைக்கிறேன். இப்போது ஜன்னலைவிடத் திரைகள் அதிகம்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. நீ முழங்காலைப் பார்த்துக்கொள். எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும், நீ அலைய வேண்டாம்.

உன் அக்கா,
மங்கையர்க்கரசி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பலகைக்குக் கால் போட்டு பெஞ்சாக்கிவிட்டார். வாசலில், ஜெட்டிக்கு முதுகு காட்டிப் போடச் சொன்னேன். உட்கார்ந்தால் கொய்யாமரம்தான் தெரியும், கடல் தெரியாது. உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மேலே "வர வேண்டாம்" என்று எழுதிய இடங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள். சித்திரைக்கு வா. டிக்கெட் நகல் அனுப்பாதே, முட்டு போதுமான அளவு இருக்கிறது. தாழ்ந்த பாதி என்னுடையது, உயர்ந்த பாதி உனக்கு. போட்டோ எடுக்கும்போதெல்லாம் என் உயரத்துக்கு வர நீ குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பாயே, அதில் நாலு மில்லிமீட்டரை மிஷின் கொடுத்திருக்கிறது. மீதிக்கு நான் குனிந்துகொள்கிறேன்.