நாலு மணி ஜாஹாவும் நகராத இடுப்பும்

கேஸ் சிலிண்டரைத் தூக்கிய மிஸ்பாஹ் பாதியில் அப்படியே நின்றுவிட்டார். சிலிண்டர் தரைக்குப் போனது. அவர் மட்டும் நிமிரவில்லை.

"லுஜைன்! ஏய் லுஜைன்! இடுப்பு பிடிச்சிருச்சு!"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் ஓடி வந்தாள். "உங்களை யாருப்பா தூக்கச் சொன்னது? வண்டிக்காரன் உள்ள கொண்டாந்து வைக்க மாட்டானா?"

"அவன் வாசல்ல இறக்கிட்டு, வண்டிப் பாட்டைப் போட்டுக்கிட்டே போயிட்டான். பேச்சு வேணாம், மாத்திரை குடு. நாலு மணிக்கு ஜாஹா!"

ஜாஹா என்றால் சாதாரணமா? அக்கா மகன் குதைபாவுக்குப் பெண் கேட்டு, எங்கள் இர்பித் ஊர்ப் பெரிய மனிதர்கள் நாற்பது பேர் திரண்டு போகிறார்கள். இத்தனை காலம் பின்வரிசையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் மிஸ்பாஹுக்கு இன்றுதான் முதல் நாற்காலி. பெண் கேட்டுப் பேச வேண்டியவரும் அவர்தான். குதைபா தகப்பன் இல்லாத பையன். கட்டினால் தாமாராவைத்தான் கட்டுவேன் என்று மூன்று வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறான். பெண் வீட்டார் சார்பில் பதில் சொல்லப் போகிறவர் அவளுடைய பெரியப்பா ஹாஜி ஃபவ்வாஸ். பேச வந்தவர் கால்மேல் கால் போட்டார் என்பதற்காகப் போன வருஷம் ஒரு ஜாஹாவையே திருப்பி அனுப்பியவர்.

"தவழ்ந்தாவது போவேன்" என்றார் மிஸ்பாஹ். "முதல்ல அந்த பாரசிட்டமாலை எடு."

"அதைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். இடுப்புப் பிடிப்புக்கெல்லாம் அது கேக்காதுப்பா. மெதுவா நடமாடுங்க, நாலஞ்சு நாள்ல தானா விட்டுரும்."

"நாலஞ்சு நாளா? எங்கிட்ட இருக்கிறது நாலு மணி நேரம்!"

இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு, நடக்கச் சொன்னவள் பேச்சைக் காதில் வாங்காமல் தரையில் மல்லாந்து படுத்தார். ஒரு மணி நேரம் கழிந்தது. வலி வலியாகவே இருந்தது. கூடுதலாக, எழுந்திருக்கவும் முடியவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளைப் பையனே வந்து, அவரைக் கம்பளத்தோடு சேர்த்துத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

"மாமா, நீங்க வீட்ல இருங்க. வேற யாரையாவது பேசச் சொல்றேன்" என்றான் குதைபா.

"உன் அப்பன் இருந்தா அனுப்பலாம். இல்லைல்ல? அப்ப நான்தான்டா. லுஜைன், கொஞ்சம் காட்டமா ஏதாவது குடும்மா."

"ஐபுப்ரோஃபென் தரேன். இது கேக்கும், ஆனா ஏதோ கொஞ்சம்தான் கேக்கும். சாப்பிட்டுட்டுப் போடணும், கேட்டீங்களா?"

சாப்பிட யாருக்கு நேரம்? வெறும் வயிற்றில் ஒன்றைப் போட்டு, இன்னொன்றை ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அரை மணியில் வலி லேசாகக் குறைந்தது. வயிறு எரிய ஆரம்பித்தது.

காரில் பக்கத்தில் உட்கார்ந்த நண்பர் ஸலாமா ரொம்ப உபகாரி. "வாத்தியாரே, இந்தா. என் முதுகுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது. தசையை அப்படியே இளக்கிரும்."

"அப்பா! அடுத்தவங்க மாத்திரையைப் போடாதீங்க, தூக்கம் வரும்!" என்று வாசலிலிருந்து லுஜைன் கத்தினாள். கார்க் கதவு சாத்தியாயிற்று. மாத்திரையும் உள்ளே போயிற்று.

பெண் வீட்டார் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இளகியிருந்தவை அவர் கண்ணிமைகள் மட்டுமே. நாற்பது பேரும் நுழைந்ததும் அந்தப் பக்கத்தார் எல்லோரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். ஹாஜி ஃபவ்வாஸ் மட்டும் எழவில்லை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிக்கக்கூட இல்ல, பாத்தியா?" என்று ஸலாமா கிசுகிசுத்தார். "முடிஞ்சுது கதை."

குதைபாவின் முகம் வெளுத்துவிட்டது. மிஸ்பாஹ் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் முன்னால் காப்பிக் கோப்பையை வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை அதைத் தொடக் கூடாது. 'பெண்ணைக் கொடுத்தோம், காப்பியைக் குடியுங்கள்' என்று அந்தப் பக்கம் சொன்ன பிறகே உதட்டில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் விவரம் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும்.

யாரோ ஒருவர் வரவேற்புரையை நீட்டிக்கொண்டே போனார். மிஸ்பாஹின் தலை மெல்லச் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் இடுப்பில் சுளீரென்று ஒரு வெட்டு. பாதித் தூக்கத்தில் கை கோட்டுப் பைக்குப் போயிற்று, மாத்திரை வாய்க்குப் போயிற்று, எதிரே இருந்த கோப்பை உதட்டுக்குப் போயிற்று. மடக்.

மண்டபம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

கசப்பு தொண்டையில் இறங்கிய பிறகுதான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. குதைபா முகத்தைப் பொத்திக்கொண்டான். ஹாஜி ஃபவ்வாஸ் வைத்த கண் வாங்காமல் மிஸ்பாஹையே முறைத்தார்.

பையனின் வாழ்க்கையைப் பாழாக்கிவிட்டோமே என்று நொந்துகொண்டார். ஆனாலும் பேசாமல் போகக் கூடாது என்று தீர்மானித்தார். நாற்காலிக் கையைப் பிடித்து, உடம்பெல்லாம் வியர்க்க, இம்மி இம்மியாக எழுந்து நேராக நின்றேவிட்டார்.

"ஹாஜி அவர்களே, நாங்க வந்த காரியம்…"

ஹாஜி கையைக் காட்டினார். "ஒண்ணும் பேச வேணாம். பொண்ணைக் குடுத்தாச்சு! மிச்சக் காப்பியையும் குடிங்க!"

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

"வாத்தியாரே, கேக்கறதுக்கு முன்னாடியே குடிச்சியே, என்ன நெஞ்சழுத்தம்யா உனக்கு!" என்றார் ஸலாமா. "மனுஷன் ஆடிப்போயிட்டான்!"

குதைபா அழுதுகொண்டே மாமாவின் நெற்றியில் முத்தமிட்டான். அதெல்லாம் ஒரு உத்திதான் என்று மிஸ்பாஹே நம்ப ஆரம்பித்து, மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

அப்போது காப்பி ஊற்றுகிறவர் அவர் காதருகே குனிந்தார்.

"ஐயா, உங்களை எந்திரிச்சு நிக்க வெச்சுதே அந்த மாத்திரை, அதுல இன்னொண்ணு இருக்கான்னு ஹாஜி கேக்கச் சொன்னாரு. விருந்துக்குக் காலைல ஆட்டைத் தூக்கினவரால இப்ப வரைக்கும் நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியல."