அக்னி ஸ்தலத்தில் ஒரு ஹீட்டர்

பேச்சுத்துணைக்கு ஆளில்லாதவன் கையில் நிறையப் பக்கங்களைக் கொடுக்கக்கூடாது. முழுவதையும் சொல்லித் தீர்த்துவிடுவான்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலையில் ஜூனியர் வக்கீல். சொந்த ஊர் வேலூர், தங்கியது லாட்ஜில். ஒரு வருஷமாகியும் கோர்ட்டில் எனக்குப் பெயர் கிடையாது. "ஏம்பா ஜூனியர்", அவ்வளவுதான். டீக்கடையில் மற்றவர்கள் கூட்டமாக நிற்பார்கள். நான் சினிமா போஸ்டர் படிப்பேன். (விநியோகஸ்தர்கள் பெயர்கூட மனப்பாடம்.)

அப்போதுதான் வாடகைச் சட்டத்தை எப்படித் திருத்தலாம் என்று வக்கீல்கள் கூடிப் பேசி அரசுக்கு எழுதுவதாக முடிவானது. குறிப்பு தயாரிக்கும் வேலையை சீனியர் என்மேல் தள்ளினார். ஒழுங்காகச் செய்தால் யாராவது ஒருவர் டீக்குக் கூப்பிடுவார். என் லட்சியம் அதற்குமேல் போகவில்லை.

வக்கீல் சங்க நூலகப் புத்தகத்தில் தேவையான பிரிவுகளைக் கரையான் ஏற்கெனவே ரத்து செய்திருந்தது. செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சுற்றிலும் ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கு மெயில் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெட்டியில், கணக்குத் தொடங்கியதற்கு மெயில் கம்பெனி அனுப்பிய வரவேற்பு மட்டும் இருந்தது. (திரும்பப் படித்தேன்.)

தேடியதில் ஏதோ குளிர்நாட்டின் சட்டச் சீர்திருத்த அறிக்கை அகப்பட்டது. எங்கள் சீனியர் குறிப்பைப் படிக்கமாட்டார், கையில் தூக்கிப் பார்ப்பார். கனம் குறையக்கூடாதென்று ஒரு வரி விடாமல் தமிழாக்கினேன்.

கூட்டம் நடந்தது பங்குனி வெயிலில், மின்வெட்டில். கறுப்புக் கோட்டுகளுக்குள் எல்லாரும் வெந்துகொண்டிருக்க, நான் எழுந்து கணீரென்று வாசித்தேன்: "வாடகைக்கு விடும் ஒவ்வோர் அறையிலும் ஹீட்டர் பொருத்துவது வீட்டு உரிமையாளரின் கடமை."

கேஸ் கட்டுகளால் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

கீழ்பென்னாத்தூர்க்காரரான ஒரு மூத்த வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, அக்னி ஸ்தலத்துல உக்காந்துகினு ஹீட்டர் கேக்கறியே. மலை பத்தலயா உனக்கு?"

சீனியர் ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது: ஹீட்டர் வக்கீல். டீக்கும் கூப்பிட்டார்கள். "ஹீட்டருக்கு ஒரு டீ, சூடு கம்மியா." போய் நின்றேன். போஸ்டரைவிட அது மேல்.

இப்போது என் மகள் ஒரு குளிர்நாட்டில் இருக்கிறாள். மனைவியும் துணைக்குப் போயிருக்கிறாள். போன வாரம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, ரூம்ல ஹீட்டர் ஓடல. ஓனர் கண்டுக்கவே மாட்றான். உங்க சட்டம் என்னா சொல்லுது?"

பின்னால் மனைவி சிரிப்பது கேட்டது. அந்தப் பரிந்துரையை அப்படியே ஒப்பித்தேன். இருவரும் சிரித்து ஓய்ந்து போனை வைத்தார்கள். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்துவிட்டு, அறிக்கையின் மிச்சத்தைச் சுவருக்குச் சொல்லி முடித்தேன்.