முதலாளி சென்றாயன், பணியாளர் சென்றாயன்

2004ஆம் ஆண்டில் இரண்டு வகை மென்பொருள்கள் இருந்தன. ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிறருக்குக் கொடுக்கக் கூடாது. மற்றொன்று கட்டற்ற மென்பொருள். அதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். திருத்தியதைத் திருப்பிச் சேர்க்க ஒரு கையெழுத்து மட்டும் போட வேண்டும்.

'கட்டற்ற' என்று சொல்வது அப்போது பெரிய நாகரிகம். அதன் அடையாளமான பென்குவின் படம் போட்ட பனியன் அணிந்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சுதந்திரம் பற்றிப் பேசினார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் பிறந்ததுதான் 'நலக்குறிப்பு' என்னும் மென்பொருள். எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட வேண்டும் என்று அது பட்டியல் தரும். அந்தப் பட்டியலைக் காட்டினால்தான் கீழே நாமக்கல்லிலிருந்து மருந்துப் பெட்டி மலையேறும்.

மலைமேல் சோளக்காட்டுச் சுகாதார நிலையத்தில் செவிலியர் கலைமணி ஒருநாள் பட்டியல் எடுத்தார். குண்டனி நாட்டுப் புதுவளவில் முப்பத்தொரு குழந்தைகள் தட்டம்மை ஊசிக்குக் காத்திருந்தார்கள். பட்டியலில் ஒருவர்கூட இல்லை. 'புதுவளவு: ஊசி போட்டாயிற்று' என்றது கணினி.

ஊசி போட்டது ஆலத்தூர் நாட்டுப் புதுவளவில். மலையில் ஒரே பெயரில் ஊர்கள் உண்டு. சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எந்த நாடு என்று சேர்த்துச் சொன்னால்தான் விளங்கும். சமவெளியில் எழுதிய மென்பொருளில் நாட்டுக்கு இடமில்லை.

கலைமணி, சென்றாயனிடம் போனார். சென்றாயன் மிளகு விவசாயி. கணினியில் டிப்ளமோ படித்தவர்.

"ஏனுங்கண்ணா, இதைச் சரி பண்ண முடியுங்களா?"

"மிளகு பறிச்சு முடிக்கட்டுங்க நர்சம்மா, சாயங்காலம் வாரேன்" என்றார். வந்து, பதினேழு வரி எழுதினார். நாட்டின் பெயருக்கு இடம் கிடைத்தது. முப்பத்தொரு குழந்தைகளும் பட்டியலில் வந்தார்கள்.

ஆனால் நிலையத்துக் கணினியில், நலக்குறிப்பை நடத்தும் திட்டத்தாரின் முத்திரை பெற்ற குறுந்தகடு மட்டுமே ஓடலாம் என்பது ஆணை. சென்றாயன் தம் வரிகளைத் திட்டத்தாருக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் தொலைபேசி ஒலித்தது.

"பங்களிப்பாளர் ஆவணப் பிரிவிலிருந்து அருணாசலம் பேசறனுங்க. தாலுகா ஆபீசுல முப்பத்தாறு வருச சர்வீஸ். இப்பச் சுதந்திரத்துக்குச் சேவை செய்யறேன். உங்க வரி பதினேழு. பதினஞ்சுக்கு மேல போனா பதிப்புரிமைத் தாள் வேணுங்க. உங்க முதலாளிகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு கடிதமும் வேணும்."

"முதலாளி யாருமில்லீங்க. சொந்தக் காடு."

"அப்ப முதலாளி நீங்க. பணியாளரும் நீங்க. பணியாளர் சென்றாயன், முதலாளி சென்றாயனுக்குப் பதிவுத் தபால்ல விண்ணப்பிக்கணும். நேர்ல கேக்கறது செல்லாது."

"நேர்ல எப்படிங்க கேக்கறது?"

"அதனாலதான் தபால்ங்கறேன்."

சென்றாயன் தமக்குத் தாமே மிகப் பணிவாக விண்ணப்பம் எழுதி அனுப்பினார். தபால்காரர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். மூன்று முறையும் முதலாளி மிளகுக் கொடியில் ஏணி போட்டு நின்றார். 'ஆள் இல்லை' என்ற குறிப்போடு தபால் திரும்பியது.

"உங்க முதலாளி வாங்க மறுக்கறாரு" என்றார் அருணாசலம். "உங்களுக்குள்ள ஏதாவது தகராறுங்களா?"

"எங்களுக்குள்ள ஒண்ணுமில்லீங்க சார். குழந்தைங்க காத்திருக்குதுங்க."

"அவங்க காத்திருக்கட்டும், தாள்தான் காத்திருக்கக் கூடாது. சமாதானமாப் போங்க."

கலைமணிக்குக் கண் கலங்கியது. "மழைக்காலம் வந்துட்டா அம்மை பரவிருங்கண்ணா."

சென்றாயன் சற்று யோசித்தார். மூன்று இடங்களில் இரண்டிரண்டு வரிகளை ஒட்டி ஒரு வரியாக்கினார். பதினேழு, பதினான்கு ஆயிற்று.

"பதினாலா?" அருணாசலத்தின் குரல் குளிர்ந்தது. "அது அற்பப் பங்களிப்பு. தாள் வேண்டாம், பேரும் வேண்டாம். யாரோ எழுதினதுன்னு சேர்த்துக்கறோம்."

பத்து நாளில் முத்திரைத் தகடு வந்தது. முப்பத்தொரு கைகளில் ஊசி ஏறியது. கலைமணி கைதட்டினார். சென்றாயன் தம் உபாயத்தை நாலு பேருக்குச் சொன்னார்.

நாலு பேர் நானூறு பேருக்குச் சொன்னார்கள். பதினான்கு வரி நாகரிகமாகிவிட்டது. பனியனிலும் '14' அச்சானது. தாள் இல்லாத பழைய வரிகளை அருணாசலம் கண்டுபிடித்து நீக்க, அந்த இடங்களும் பதினான்கு பதினான்காக நிரம்பின. ஒரே ஆண்டில் நலக்குறிப்பு முழுவதும் யாரோ எழுதியதாக ஆனது.

யாரும் எழுதாத பொருள் கிடக்கிறதே என்று ஒரு நிறுவனம் அதை எடுத்துத் தன் பெயர் போட்டுப் பூட்டியது. அருணாசலம் கொதித்தார். மூன்று இரும்பு அலமாரிகளை லாரியில் ஏற்றி வழக்கறிஞரிடம் போனார்.

"நானூத்திப் பன்னிரண்டு பேர் கையெழுத்துங்க! சாட்சியோட!"

வழக்கறிஞர் தாள்களைப் புரட்டினார். "பிரமாதம். இவங்க எல்லாம் என்ன எழுதினாங்க?"

"படிவம் எழுதினாங்க."

"மென்பொருளை?"

"படிவத்துக்கே நேரம் சரியாப் போச்சுங்க."

வழக்கு அத்துடன் முடிந்தது. நிலையங்களுக்கு இனி நிறுவனத்தின் தகடுதான் வந்தது. நிறுவனம் மென்பொருளை மேலும் அழகாக்கியது. எதற்கென்று தெரியாத இடங்களை அகற்றியது. அவற்றுள் நாட்டின் பெயருக்கான இடமும் ஒன்று. அது எதற்கென்று கேட்க, எழுதியவரைத் தேடினார்கள். ஆவணப்படி அப்படி ஒருவர் இல்லை.

அந்த ஆண்டு குண்டனி நாட்டுப் புதுவளவில் அடுத்துப் பிறந்த இருபத்தொன்பது குழந்தைகளுக்கு ஊசி வரவில்லை. மழையோடு அம்மை வந்தது. காய்ச்சலில் துவண்ட குழந்தைகளைத் தாய்மார்கள் தோளில் சுமந்து வந்தார்கள். கலைமணி கணினியில் 'தட்டம்மை' என்று பதிந்தார்.

'ஊசி போட்ட குழந்தைக்குத் தட்டம்மை வராது. வேறு நோய் குறிப்பிடவும்' என்றது கணினி.

நோய் பதியாவிட்டால் மருந்து வராது. கலைமணி வேறு நோய்களின் பட்டியலைத் திறந்தார். பிறகு 'வியர்க்குரு' என்று பதிந்தார். கணினி உடனே ஏற்றுக்கொண்டது. பவுடர் டப்பா இருபத்தொன்பது வந்தது.

ஆண்டு அறிக்கையில் மலை முழுவதும் தட்டம்மையே இல்லை என்று இருந்தது. சமவெளியில் நாம் எல்லோரும் அதைப் படித்து மகிழ்ந்தோம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும் குளிரில் இத்தனை குழந்தைகளுக்கு எப்படி வியர்த்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.