பஸ் கதவு எந்தப் பக்கம்?

மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு மூலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மூலம் என்றதும் வைத்தியரிடம் காட்ட வேண்டிய சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது அதைவிடப் பொல்லாதது. அவர் உட்கார்ந்திருப்பார், வலி நமக்கு.

நான் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கும் அமெரிக்க ஊரான மில்வாக்கியில் இந்த இனத்தின் தலைமகன் கர்ட் ஹால்வர்சன். பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்பவர். சனிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் பேட்டை நூலகத்தில் ஜப்பானியப் படக்கதை, அதாவது மங்கா, படிக்கிற கூட்டம் கூடும். பதினொரு பேர், ஒரு பிளாஸ்க் காபி, யாராவது வாங்கி வரும் பாலாடைக்கட்டி. படிப்பது 'துரு நிலவு' என்ற விஞ்ஞானக் கதை; பதினெட்டுப் பாகம், அத்தனையும் ஆங்கிலத்தில். கர்ட்டுக்கு ஜப்பானிய மொழியில் தெரிந்த சொற்கள் ஆறு. அதில் நாலு மீன்.

அதனால் என்ன? நாம் ஒரு பக்கத்தைப் படித்துச் சிரித்தால், அவர் கண்ணை மூடிக்கொண்டு, நமக்காக இரக்கப்பட்டு, "மூலத்துல இது சிரிப்பே இல்ல" என்பார். நாம் கண் கலங்கினால், "மூலத்துல இங்க ஒரு சிரிப்பு இருக்கு" என்பார். ஒரு தடவை ஒரு பக்கம் முழுவதும் வெறும் வானம். ஒரு எழுத்து கிடையாது. "இந்த இடத்தைத்தான் மொழிபெயர்ப்பாளர் கெடுத்துட்டார்" என்றார் கர்ட். நாங்கள் பாலாடைக்கட்டியை எடுத்துக் கடித்தோம்.

இவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. ஒன்பது வருஷமாக வளர்த்த சித்தாந்தம். பிள்ளையாக இருந்திருந்தால் மூன்றாம் வகுப்பு போயிருக்கும். கதையில் மனிதர்களை நகலெடுக்கிற ஓர் இயந்திரம் வருகிறது. கதாநாயகன் தொமோரி ஒரு மெக்கானிக். முதல் பதினொரு பாகங்களில் திருப்புளியை இடது கையில் பிடிக்கிறான், பன்னிரண்டாம் பாகத்திலிருந்து வலது கையில். ஆகவே அசல் தொமோரி செத்துவிட்டான், இப்போது நடமாடுவது நகல். இன்னொன்றும் உண்டு. முதல் பதினொரு பாகங்களையும் ஆங்கிலப் புத்தகம் மாதிரி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஜப்பானிய வழக்கப்படி வலமிருந்து இடமாக. நடுவில் பதிப்பகம் மாறியதுதான் காரணம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். "சேச்சே, நகல் வந்ததும் காலமே திரும்பிடுச்சுங்கற குறியீடு அது" என்றார் கர்ட்.

சிகாகோவில் வருஷா வருஷம் மங்கா வாசகர் மாநாடு நடக்கும். கர்ட் ஐந்து வருஷமாகப் பேச இடம் கேட்டு, ஐந்து வருஷமும் கையை விரித்துவிட்டார்கள். ஆறாம் வருஷம் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிஷம், முந்நூறு நாற்காலி. மனிதர் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஒத்திகை பார்க்க எங்களைக் கூட்டி, பாகங்களை மேஜைமேல் அடுக்கி, முழங்கினார். நன்றாகவே முழங்கினார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

முடித்ததும் வெர்னிட்டா டாலிவர் கையைத் தூக்கினாள். நகர பஸ்ஸை முப்பத்தோரு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவள். அந்த வருஷம்தான் சேர்ந்தவள். அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளக் கதை படிக்கிற அப்பாவி.

"தம்பி, ஒரு சந்தேகம். மூணாம் பாகத்துல தொமோரி பஸ் ஏறறான் பாரு. கதவு எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். அதுக்கென்ன?"

"நான் ஓட்டுன வண்டி மாதிரியே. இப்போ பதிமூணாம் பாகத்தைப் பாரு. அதே ஊரு, அதே பஸ்ஸு. கதவு இடப்பக்கம்."

"வேற பஸ்ஸா இருக்கும்."

"எல்லா வண்டியும் எதிர்ப்பக்கமா போகுதே. ஆளை நகலெடுக்கலாம், சரி. பஸ் கதவைப் பேத்து எதுக்கு அந்தப் பக்கம் வைக்கணும்?"

கர்ட் புன்னகைத்தார். "மூலத்துல இதுக்கெல்லாம்..."

"மூலம் எனக்குத் தெரியாதுப்பா. என் மக கடற்படையில ஜப்பான்ல இருந்தப்போ ரெண்டு வாரம் போயிருந்தேன். அங்க வண்டியெல்லாம் இடப்பக்கம்தான் போகும். தப்பான பக்கம் பார்த்து ரோட்டைத் தாண்டி மூணு தடவை சாகப் பாத்தேன். அது மறக்குமா?"

சொல்லிவிட்டுப் பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து மூன்றாம் பாகத்தின் எதிரே பிடித்தாள். எட்டிப் பார்த்தோம். கண்ணாடிக்குள் தொமோரி வலது கையில் திருப்புளியோடு, இடப்பக்கக் கதவு வழியாக பஸ் ஏறிக்கொண்டிருந்தான்.

விஷயம் இவ்வளவுதான். பழைய பதிப்பகத்தார், வலமிருந்து இடமாகப் படிக்க அமெரிக்கனுக்கு வணங்காது என்று, படங்களை அப்படியே இடவலமாகத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள்; புதிய பதிப்பகத்தார் திருப்பவில்லை. வண்டிகள் எங்கள் ஊர் மாதிரியே ஓடியதால் ஒருவருக்கும் உறுத்தவில்லை. அசல் தொமோரி முதலிலிருந்தே வலக்கைக்காரன். மூலம் மூலம் என்று ஒன்பது வருஷம் எங்கள் உயிரை எடுத்தவர், மூலத்தின் முதுகுப் பக்கத்தை வைத்துக்கொண்டு சாமியாடியிருக்கிறார்.

சிரித்தோமா? இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிக்க முடியவில்லை. சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். "நான் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றாள் வெர்னிட்டா. மாநாட்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மனிதர் போகமாட்டார் என்றே எல்லோரும் நினைத்தோம்.

போனார். நாங்களும் துணைக்குப் போய் மூன்றாம் வரிசையில் கலவரத்தோடு உட்கார்ந்திருந்தோம். கர்ட் மேடையேறினார். தொண்டையைக் கனைத்தார்.

"நண்பர்களே, ஒன்பது வருஷமா எனக்கு ஒரு சந்தேகம். இந்த மொழிபெயர்ப்புல எங்கயோ ஒரு பெரிய மோசடி இருக்கு. பஸ் கதவைக் கவனிச்சிருக்கீங்களா?"

கடைசியில் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்துக் காட்டினார். முந்நூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெர்னிட்டாவைப் பார்த்தேன். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க சரக்கை அப்படியே தூக்கிட்டாரே?" என்றேன்.

"போகட்டும் விடு. அழுதுகிட்டு வீட்டுல படுத்திருந்தா நல்லாவா இருந்திருக்கும்? நீயும் தட்டு."

தட்டினேன்.

இந்த இனம் மில்வாக்கியில்தான் இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்களா? அமெரிக்காக்காரி எங்கேயாவது 'தம்பி' என்பாளா, அவள் ஆங்கிலத்தில் வேறு ஏதோ சொல்லியிருப்பாள், அதன் அழகே வேறாக இருந்திருக்கும், இந்த ஆள் தமிழில் எழுதிக் கெடுத்துவிட்டான் என்று நடுவில் எங்கேயாவது உங்கள் உதடு கோணியதா? கோணியிருந்தால் வெட்கப்படாதீர்கள். சிகாகோக்காரர்கள் அடுத்த வருஷத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.