பெண் பார்க்க வந்த பழ ஈக்கள்

விவசாயம் பார்க்கிற பையன் என்று தெரிந்தால் பெண் வீட்டுக் காபியில் சர்க்கரை குறைந்துவிடும். நானோ பூச்சி மருந்தே அடிக்காமல் மாந்தோப்பு வைத்திருப்பவன். எனக்குக் காபி வந்ததே பெரிய விஷயம்.

பாலசமுத்திரத்திலிருந்து கார்வேட்டிநகரத்துக்கு அம்மாவோடு பெண் பார்க்கப் போயிருந்தேன். வந்த வரனெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கும் மாந்தோப்புதான், வீடே தோப்புக்குள் இருந்தது. காய் பழுக்கிற சமயம். பழ ஈ முட்டையிட்டுப் பாதிக் காய் புழுவாகிறது என்று அவர் அலுத்துக்கொண்டார்.

விடுவேனா? (அறிவாளி என்று காட்ட வேறு சந்தர்ப்பம் ஏது?) அவருக்குக் காட்டவென்றே சட்டைப் பையில் வைத்திருந்த பாக்கெட்டை எடுத்துக் கிழித்தேன். உள்ளே ஒரு சின்ன மரத்துண்டு. அதில் ஊறியிருக்கும் வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் மயங்கி வரும். பொறிக்குள் தொங்கவிட்டால் அத்தனையும் மாட்டும். ஜோடி இல்லாமல் வம்சம் பெருகாது, மரத்துக்கு விஷம் அடிக்கவே வேண்டாம் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அதற்குள் பெண் காபியோடு வந்துவிட, கூச்சத்தில் துண்டை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டேன்.

முதலில் ஒரு ஈ வந்து பையின் மேல் உட்கார்ந்தது. பிறகு அதன் பங்காளிகள். நான் பெண்ணை நிமிர்ந்து பார்ப்பதற்குள் என் வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது. காபிக்குள்ளும் சில மிதந்தன. பெண்ணின் அம்மா உள்ளே ஓடி, கொசு மருந்து டப்பாவைக் கொண்டுவந்து என் நெஞ்சுக்கு நேராக அடித்தார். (விஷமில்லா விவசாயி விஷத்தில் குளித்தேன்.)

அந்தப் பெண் மட்டும் நிதானமாகக் கேட்டாள்: “இதுல பொம்பள ஈ ஒண்ணுகூட இல்லீங்களா?”

“ஒண்ணுகூட வராதுங்க,” என்றேன், தொழில் பெருமையோடு. “நான் இத வச்சிக்கினு எங்க போனாலும் ஆம்பளதான் வரும்.”

அம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுவாரம் பெண்ணின் அப்பா போன் செய்தார். அம்மா சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“பொண்ணு வேணான்னுதுபா, தப்பா நெனச்சிக்காத. அந்தப் பொறிய மட்டும் தோப்பு முச்சூடும் மாட்டிட்டுப் போறியா?”

போனேன். ஒவ்வொரு சீசனும் போய்க்கொண்டிருக்கிறேன். தோப்பு ஆட்கள் முதல் பெண்ணின் அப்பாவரை எல்லோரும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருப்பதியில் ஆபீஸ் வேலையில் இருக்கும் அசல் மாப்பிள்ளை வந்தால், அவரை சார் என்கிறார்கள்.