ஜாக்கிரதையார் கொட்டிய டீ

சினிமாத் தயாரிப்பாளர் வந்து உட்கார வேண்டிய இடத்தில் டீ போய் உட்கார்ந்துகொண்டது.

ஜாக்கிரதையார் கையிலிருந்த காலிக் கோப்பையைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். காலமெல்லாம் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். "ஜாக்கிரதை! ஜாக்கிரதை!" என்று அவர் போட்ட சத்தத்தில் இயந்திரங்களே பயந்து மெதுவாகச் சுற்றுமாம். பட்டப்பெயர் அப்படி வந்து ஒட்டியதுதான்.

உள்ளறையில் மனைவி கண்ணாடி முன் நின்று கதை சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய முதல் சினிமாக் கதை. கதாநாயகன் ஒரு சின்னத் தப்பை மறைக்கப் போய், கடைசியில் வீட்டையே கொளுத்திக்கொள்கிறான். புத்தியுள்ள மனுஷன் எவனாவது அப்படிச் செய்வானா என்பது தயாரிப்பாளரின் சந்தேகம். இன்றைக்கு அவர் நம்பினால் படம் உண்டு. இல்லையென்றால் கதை பரணுக்குப் போக வேண்டியதுதான்.

"அவர் கேக்கறது நியாயம்தானே?" என்று ஜாக்கிரதையாரே காலையில் கேட்டிருந்தார். "உண்மையைச் சொல்லிட்டா அதோட தீந்தது. உன் ஆளு ஏன் தானே குழி வெட்டித் தானே விழறான்?"

"சரிங்க. நீங்க எதிலயும் தலையிடாம இருங்க, போதும்."

அப்படித்தான் நினைத்திருந்தார். தொழிற்சாலையை மூடிய பிறகு அவர் மோட்டுவளையைப் பார்த்துப் படுத்துக் கிடந்த நாட்களில், ராப்பகலாகத் தொடர்களுக்கு வசனம் எழுதிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள் அவள். ஒருநாள் ஒருபொழுது சொல்லிக் காட்டியதில்லை. அப்பேர்ப்பட்டவளிடம் போய், இந்த நேரத்தில், டீ கொட்டிவிட்டது என்றால் பதறிவிட மாட்டாளா? கதை மறந்துவிடாதா?

சோபா மெத்தையைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கத்தில் போன வருஷத்துக் காபி இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் திருப்பிப் போட்டிருந்தார்.

குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி அலசினார். மெத்தை அரைக் கிணற்றைக் குடித்தது. பிழிந்தால் ஒரு சொட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்றது. இஸ்திரிப் பெட்டியை எடுத்து அழுத்தினார். புஸ்ஸென்று புகை. கூரையில் அவரே மாட்டிய புகை அலாரம் ஏழு ஊருக்குக் கேட்கும்படி அலறியது.

"என்னங்க அது சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா! சும்மா சோதிச்சுப் பாக்கறேன்! நீ கதையைப் பாரு!"

நாற்காலிமேல் ஏறித் துடைப்பத்தால் ஒரே போடு. அலாரம் அடங்கியது. துணைக்கு விளக்கையும் அழைத்துக்கொண்டு கீழே வந்தது.

வாசலில் மணி அடித்தது.

மெத்தையைச் சோபாவில் எறிந்தார். கருகின ஓட்டை தெரியாமலிருக்க அதன்மேல் தானே உட்கார்ந்தார்.

தயாரிப்பாளர் வந்தார். பின்னாலேயே பையோடு அவருடைய டிரைவர்.

"ஏங்க, ஐயாவுக்கு இடம் விடுங்க," என்றாள் மனைவி.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா. அசைய முடியல."

தயாரிப்பாளர் முக்காலியில் உட்கார்ந்தார். கதை தொடங்கியது. அதுவரை அழுத்தமாக இருந்த மெத்தை, ஜாக்கிரதையாரின் எடையில் மனசு இளகிச் சொட்டத் தொடங்கியது. சொட்டு, டீ மணக்கும் ஓடையாகித் தயாரிப்பாளரின் பாதத்தைத் தொட்டது.

அவர் குனிந்து பார்த்தார். "சார்... உடம்புக்கு ஏதாவது?"

டீ என்று ஒரே எழுத்துதான். அதைச் சொல்லியிருக்கலாம். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா சார்," என்றார் தலை குனிந்து. "வயசாயிடுச்சு. அடக்க முடியறதில்ல."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்தபடி எழுந்து வந்து, ஜாக்கிரதையாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார்! அம்மா, ஒரு வரிகூட மாத்தாதீங்க. இந்த மாசமே படத்தை ஆரம்பிக்கறோம்!"

இடுப்பை மறந்து ஜாக்கிரதையார் துள்ளி எழுந்தார். பின்னால் மெத்தையில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு ஜம்மென்று தெரிந்தது. யாரும் திடுக்கிடவில்லை.

"எல்லாம் உங்களாலதாங்க," என்றாள் மனைவி. அவள் கண் நிறைந்திருந்தது.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாசலில் டிரைவரை ஓரங்கட்டினார். "ஏம்ப்பா, கதை பாதிகூடத் தாண்டலையே. அதுக்குள்ள எப்படி நம்பினார் உங்க முதலாளி?"

"கதையெல்லாம் முன்னாடியே கேட்டாச்சு சார். 'நம்பிக்கை இல்லேன்னா வீட்டுக்கு வாங்க, அந்த ஆளையே காட்டறேன்'னு அம்மாதான் கூப்பிட்டாங்க."